திருடக் கொடுத்துவைக்காதவர்

மேட்டுப்பாளையத்தில் ஊட்டி ரோட்டை விட்டு இடது கைப்பக்கம் பிரிந்து பாக்குத் தோப்புகளைத் தாண்டிப் போனால் கல்யாணி நகர் வரும். முப்பத்தெட்டு வீடுகள், ஒரு பிள்ளையார் கோயில், பூங்காவுக்கென்று ஒதுக்கி இருபது வருஷமாகப் பூங்கா வராத ஒரு காலி மனை, அவ்வளவுதான். அந்த நகரில் மூன்று வருஷ காலம், விடிகாலை ஐந்தரை மணி ஆனால், வீட்டுக்கு ஒருவர் யாரும் எழுப்பாமலே எழுந்து உட்கார்ந்து, வலது கையை மடியில் போட்டுக்கொண்டு, "வந்துருச்சு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, கால் மணி நேரம் பல்லைக் கடித்துப் பொறுத்திருந்து, அது போன பிறகு பால் காய்ச்சப் போவார். அது அவர்களுடைய வலி இல்லை, எட்டாம் நம்பர் வீட்டு மயிலாத்தாளுடையது. வேண்டும் வேண்டும் என்று கெஞ்சியும் அந்த வலியில் ஒரு துளி கிடைக்காமல் போன ஒரே ஆள் அவளுடைய புருஷன் நாச்சிமுத்து, ஓய்வுபெற்ற சர்வேயர்.

மயிலாத்தாளுக்குச் சரவாங்கி என்கிற மூட்டுவாதம். விரல் மூட்டெல்லாம் வீங்கி, காலையில் எழுந்தால் ஒரு டம்ளரைப் பிடிக்க முடியாது, ஜாக்கெட் ஊக்கு போட முடியாது, கதவுத் தாழ்ப்பாளைத் திறக்க முடியாது. "கணுக்கணுவா நோகுதுங்க" என்பாள், அதற்கு மேல் சொல்ல மாட்டாள். கோயமுத்தூர் டாக்டர் கொடுத்த மாத்திரை வலியைக் கொஞ்சம் தள்ளி உட்காரச் சொல்லுமே தவிர, எழுந்து போகச் சொல்லாது. செடி கொடி என்றால் உயிர் அவளுக்கு, ஆனால் களை பிடுங்கக் கையில்லாமல் வீட்டு முன்னால் இருந்த ரோஜாவும் முல்லையும் ஒவ்வொன்றாகக் காய்ந்துபோயின. பாடுபடாமல் வளர்கிற செடி ஏதாவது கிடைக்குமா என்று நாச்சிமுத்து நர்சரி நர்சரியாக அலைந்தார்.

"இதைக் கொண்டுபோங்க. குட்டை மூங்கில்" என்றார் ஒரு நர்சரிக்காரர். "முழங்காலுக்கு மேல வராதுங்க. வெயிலோ மழையோ, பச்சை மாறாது. பூச்சி அண்டாது. வேரு மட்டும் மண்ணுக்குள்ள ஓடும், சுத்தித் தகரத்தைப் பதிச்சு விட்டுருங்க, போதும்."

நகர் நலச் சங்கச் செயலாளர் ஜெகந்நாதன், மூங்கில் என்றால் யானை வந்துவிடும் என்று ஆட்சேபித்தார். நாச்சிமுத்து டேப்பை எடுத்து வந்து செடியை அளந்து காட்டி, "ஒண்ணே கால் அடிங்க. இதைத் திங்கோணும்னா யானை மண்டி போட்டுத்தான் திங்கோணும்" என்றார். செயலாளர் அளவைக் குறித்துக்கொண்டு போனார்.

நட்டவள் மயிலாத்தாள்தான். வலியோடு வலியாகக் குழிக்குள் கையை விட்டு, வேர்மேல் மண்ணைத் தள்ளி அழுத்தும்போது, "ஆத்தா, கணுக்கணுவா நோகுதே" என்று முனகினாள். விரலுக்கும் கணு, மூங்கிலுக்கும் கணு, யாரைச் சொன்னாள் என்று பாவம் அந்தச் செடிக்கு விளங்கவில்லை, தன்னைத்தான் கூப்பிட்டாளாக்கும் என்று நினைத்துக்கொண்டது, இப்படித்தான் பின்னால் நகரில் சொல்லிக்கொண்டார்கள். அதற்கு மேல் காரணம் தேடியவர் யாரும் இல்லை.

இரண்டு மழை பார்த்ததும் மூங்கில் தகரத்தின் விளிம்புவரை தூர் கட்டி, மெத்தை விரித்தாற்போல அடர்ந்தது. நம் பக்கத்தில் செடி விஷயத்தில் ஒரு நம்பிக்கை உண்டு. கேட்டு வாங்கி வைத்த செடி ஏனோதானோவென்றுதான் வரும், யாருக்கும் தெரியாமல் திருடிக்கொண்டு வந்து வைத்தது பிய்த்துக்கொண்டு வளரும். எதிர் வீட்டு ஜமீலா, தையல்காரி, மயிலாத்தாளிடம் ஏற்கெனவே இரண்டு தடவை கறிவேப்பிலைக் கன்று கேட்டு வாங்கிச் சாகடித்தவள். ஒரு நாள் மத்தியானம், எல்லோரும் சாப்பிட்டுக் கண்ணயர்ந்திருந்த நேரம் பார்த்து, ஒரு பழைய கத்தியோடு வந்து, தூரின் ஓரத்தில் நாலு தண்டை வேரோடு அறுத்துக்கொண்டு போய், பெயிண்ட் டப்பாவில் நட்டு, தண்ணீர் விட்டு, ஒன்றும் தெரியாதவள்போலத் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் காலை ஏழு மணிக்குக் கண்கள் சிவந்து எட்டாம் நம்பர் வீட்டுக்கு வந்தாள். மயிலாத்தாள் வாசலில் நின்றுகொண்டிருந்தாள். கையில் தண்ணீர் நிறைந்த செம்பு இருந்தது. அவள் செம்பு தூக்கி யாரும் பார்த்து ஆறு வருஷம் ஆயிற்று.

"அக்கா, கையிக்கு என்னமோ ஆயிப்போச்சுக்கா. விடியால எந்திரிக்கறேன், விரலு விரலா இல்ல" என்றாள் ஜமீலா.

"மோதிர வெரல்ல ஆரம்பிச்சுச்சா?"

"ஆமாக்கா."

"அப்பறம் சுண்டு வெரலுக்கு எறங்கி, மணிக்கட்டுல வந்து உக்காந்துக்கிச்சா?"

ஜமீலா தலையாட்டினாள். மயிலாத்தாள் செம்பைக் கீழே வைத்தாள். "எனக்கு இன்னிக்குப் பாதிதான் இருந்துச்சு. மிச்சம் எங்க போச்சுன்னு இப்பத்தான் ரோசனை பண்ணிட்டு நின்னேன்."

திருடினதை ஜமீலா அழுதுகொண்டே ஒப்புக்கொண்டாள். அன்றைக்கே பெயிண்ட் டப்பாவைத் தூக்கி வந்து செடியைப் பழைய இடத்தில் நட்டுவிட்டும் போனாள். அடுத்த நாள் வலி முழுசாகத் தன் வீட்டுக்குத் திரும்பிவிட்டது. மயிலாத்தாள் எழவில்லை, கட்டிலில் கிடந்து அவள் முனகிய முனகல் ரோட்டைத் தாண்டி எதிர் வீட்டு ஜன்னலுக்கு வந்தது. பாதியே எப்படி இருந்தது என்று தெரிந்தவளுக்கு அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு ரவிக்கை தைக்க முடியவில்லை. அன்று மத்தியானமே மறுபடியும் கத்தியோடு வந்து, மறுபடியும் திருடிக்கொண்டு போனாள்.

விஷயம் தெரிந்ததும் நாச்சிமுத்து சந்தோஷத்தில் தலைகால் தெரியாமல் ஆடினார். முறையாகச் செய்கிற மனிதர். மண்வெட்டியால் தூரைச் சுற்றி வெட்டி, கடப்பாரை கொடுத்து நெம்பி, மூன்று தண்டுக்குக் குறையாமல், ஒரு புதுக் குருத்தாவது இருக்கும்படி எட்டுப் பங்காகப் பிரித்து, மேல் இலையைப் பாதி கத்தரித்து, முன்பு இருந்த ஆழத்துக்கே மண் போட்டுத் தொட்டியில் நட்டு, பத்து நாள் நிழலில் வைத்துத் தேற்றி, எட்டு வீடுகளுக்குத் தன் கையாலேயே கொண்டுபோய்க் கொடுத்தார். எட்டும் ஒரே வாரத்தில் காய்ந்தன. எட்டுப் பேருக்கும் ஒரு வலியும் இல்லை, மயிலாத்தாளுக்கும் ஒன்றும் குறையவில்லை. கொடுத்தால் போகாது, திருடினால்தான் போகும் என்று நகருக்கே அப்போதுதான் விளங்கியது.

அதற்காகச் சங்கம் கூடியது. திருட்டுக்கு ஆதரவாகக் கை தூக்கச் சொல்வது முறையா என்று செயலாளர் கொஞ்சம் தயங்கினார், கடைசி வீட்டு எஸ்தர் டீச்சர் முதலில் கையைத் தூக்கியதும் எல்லாக் கையும் தூக்கிக்கொண்டது. யார் எந்த மத்தியானம் திருடுவது என்று முறை போட்டார்கள். வீட்டுக்காரி தூங்க வேண்டும், தூக்கம் வராவிட்டால் கண்ணையாவது மூடிக்கொள்ள வேண்டும். வீட்டுக்காரர் ஊரில் இருக்கக் கூடாது, இரண்டு மணிக்கெல்லாம் பவானி ஆற்றுப் பக்கம் போய்விட வேண்டும். சட்டையில் ஒரு சுருக்கமில்லாமல் கொடியேற்று விழாவுக்கு வருகிற ஜெகந்நாதன், தன் முறை வந்த அன்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு காம்பவுண்டுச் சுவரேறிக் குதித்து முட்டியைச் சிராய்த்துக்கொண்டார். கேட் திறந்துதான் இருந்தது. திருட்டு என்றால் திருட்டு மாதிரி இருக்க வேண்டும் என்பது அவர் கட்சி.

ஒவ்வொரு திருட்டுக்கும் மயிலாத்தாளின் விரல்கள் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தன. ஐந்து வீடு திருடியபோது ஊக்கு போட்டாள், பன்னிரண்டாவது வீட்டுக்குக் கோலம் போட்டாள், முப்பத்தேழு வீடும் திருடி முடித்த ஆடி மாதத்தில் அம்மிக்கல்லைக் கழுவிப் போட்டு, யார் சொல்லியும் கேட்காமல் தேங்காய்ச் சட்னி அரைத்தாள். வலி ஆளுக்கு ஒரு கடுகளவு ஆகிவிட்டது. கடுகும் கடித்தால் காரம்தான், ஆனால் கல்யாணி நகர் அதற்குப் பழகிக்கொண்டது. "அக்காவோடது வந்துருச்சுங்களா?" என்று பால்காரர் கேட்பார். "வந்துட்டுப் போயிருச்சு, ஊத்துங்க" என்பார்கள். எல்லோரும் ஐந்தரைக்கே விழித்துவிட்டதால் பிள்ளைகள் பள்ளிக்கூட பஸ்ஸைத் தவறவிடுவது நின்றது, பெரியவர்கள் நடைப்பயிற்சி போனார்கள், பிள்ளையார் கோயிலில் காலைப் பூஜைக்குக் கூட்டம் சேர்ந்தது. கல்யாணமாகித் திருப்பூர் போன பெண் ஒருத்தி, சீர்வரிசையோடு மூங்கில் தொட்டியையும் தூக்கிக்கொண்டு போனாள், அங்கேயும் அவளுக்கு ஐந்தரைக்குத் தவறாமல் வந்தது. வீட்டை விற்றுவிட்டுப் போன ஒருவர் செடியைப் பிடுங்கி எறிந்தபோது, மற்ற எல்லோருக்கும் அன்று ஒரு சிட்டிகை கூடியது. புதிதாக வந்தவருக்கு நடுவீட்டில் உட்காரவைத்து விஷயத்தைச் சொன்னார்கள், அவர் பால் காய்ச்சிய மறுநாளே வந்து திருடினார்.

நாச்சிமுத்துவுக்கு மட்டும் வரவில்லை.

பொண்டாட்டியின் வலியை ஊரே சுமக்கிறது, கட்டினவன் விடிய விடியக் குறட்டை விடுகிறான் என்று யாரும் சொல்லவில்லை. யாரும் சொல்லாததுதான் அவருக்குத் தாங்கவில்லை. மூங்கில் வருவதற்கு முந்திய ஆறு வருஷமும் காலையில் எழுந்ததும் அவருக்கு ஒரு வேலை இருந்தது, எண்ணெயைச் சூடு பண்ணி அவளுடைய விரல்களை ஒவ்வொன்றாக அமுக்கிவிடுவார். இப்போது அவள், "வேண்டாமுங்க, அதான் இல்லியே" என்று எழுந்து போய்விடுகிறாள். எண்ணெய்க் கிண்ணம் காய்ந்து கிடந்தது. அவருடைய இரண்டு கைகளும் சும்மா கிடந்தன.

அவரும் திருடிப் பார்த்தார். தன் வீட்டில் தானே பதுங்கிப் பதுங்கிப் போய் நாலு தண்டு வெட்டினார், சமையற்கட்டுக்குப் பின்னால் நட்டார். அது மூன்றே நாளில் வைக்கோலானது. சொந்த வீட்டில் எடுப்பது எப்படித் திருட்டாகும் என்று யோசித்து, எல்லை தெரிந்த மனிதர் ஆயிற்றே, சார்பதிவாளர் ஆபீசுக்குப் போய் வீட்டையும் மனையையும் மயிலாத்தாள் பெயருக்கு எழுதிவைத்தார். இனி நான்கு மாலுக்குள், அதாவது மனையின் நான்கு எல்லைக்குள், இருக்கிற புல் பூண்டு அத்தனையும் அவளுடையது, தான் வெளி ஆள். மறுபடியும் வெட்டினார். மறுபடியும் காய்ந்தது. பத்திரம் எழுதினவர் விஷயத்தைக் கேட்டுவிட்டு, "பொண்டாட்டி சொத்தைப் புருசன் எடுத்தா அதுக்குப் பேரு திருட்டுங்களா? அதுக்குப் பேரு குடும்பமுங்க" என்றார்.

"ஒரே ஒரு தடவை என்னையத் திருடன்னு சொல்லு மயிலா" என்று அவளிடமே கேட்டார். "மனசார நெனச்சுச் சொல்லு."

அவள் முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு, "டேய் திருட்டு..." என்று ஆரம்பித்து, அதற்கு மேல் முடியாமல் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். நாற்பத்தோரு வருஷத்தில் அவரை டேய் என்று சொன்னது அதுதான் முதல் தடவை. அவருக்கும் சிரிப்பு வந்தது, அப்புறம் அழுகை வந்தது.

அடுத்த வீடுகளில் திருடலாம் என்று கிளம்பினார். அது அதைவிட மோசம். ஜமீலாவின் பெயிண்ட் டப்பாவை நோக்கி மெல்லக் குனிந்தால், அவள் ஜன்னலிலிருந்து, "எடுத்துக்குங்கண்ணா, நல்லாப் பெருசா எடுத்துக்குங்க" என்பாள். எஸ்தர் டீச்சர் அவர் வருவதைப் பார்த்ததும் கத்தரிக்கோலைக் கொண்டுவந்து கொடுத்தார். செயலாளரோ தன் வீட்டுச் செடிக்குப் பக்கத்தில் அவர் உட்கார ஒரு நாற்காலி போட்டுவைத்தார். அந்த மனிதர் படுகிற பாட்டைப் பார்த்துப் பார்த்து நகரில் அத்தனை பேருக்கும் மனசு இளகிப்போயிருந்தது, அதனால் அவர் எங்கே கை வைத்தாலும் அது கொடுத்ததாகவே ஆகிவிட்டது. முப்பத்தேழு வீட்டிலும் அவருக்கு இல்லை என்று சொல்ல ஒருவர் இல்லை. கடைசியில் பூங்காவுக்கு ஒதுக்கிய காலி மனையில், யாரோ கழித்துப்போட்ட துண்டு ஒன்று தானாக வேர்விட்டிருந்ததைப் பார்த்து, அரசாங்க இடம் என்று ஆசையாகப் பிடுங்கினார். அவர் நெஞ்சுக்கே அது திருட்டாகப் படவில்லை போலிருக்கிறது, அதுவும் பிழைக்கவில்லை.

இப்படி மூன்று வருஷம் போனது. பங்குனியில் ஒரு நாள் எஸ்தர் டீச்சர் தன் வீட்டு மூங்கிலில் நெற்கதிர் மாதிரி என்னமோ தொங்குவதைப் பார்த்தார். ஜமீலாவின் டப்பாவிலும் அது இருந்தது. எட்டாம் நம்பர் வீட்டில் தாய்த்தூர் முழுக்க இருந்தது. திருப்பூரிலிருந்து போன் வந்தது, அங்கேயும் இருந்தது. நாச்சிமுத்து ஒரு கதிரைக் கிள்ளிக் காகிதத்தில் மடித்து நர்சரிக்கு எடுத்துக்கொண்டு போனார்.

"பூத்துருச்சுங்களா" என்றார் நர்சரிக்காரர், காகிதத்தைத் திரும்ப மடித்தபடி. "ஒரு தூரிலிருந்து பிரிச்சது எங்க இருந்தாலும் ஒண்ணாத்தான் பூக்குமுங்க. பூத்தா முடிஞ்சுதுங்க."

"பச்சை மாறாதுன்னு சொன்னீங்க."

"பூக்கறவரைக்கும் மாறாதுங்க."

"என்ன பண்ணலாம்?"

"பண்றதுக்கு ஒண்ணுமில்லீங்க."

இருந்தாலும் செய்தார்கள். கதிர்களைக் கிள்ளிக் கிள்ளி எறிந்தார்கள், காலையில் கிள்ளினால் சாயங்காலம் இரண்டு மடங்காக நின்றது. சாணம் கரைத்து ஊற்றினார்கள், தூரை வெட்டி இடம் மாற்றினார்கள், பந்தல் போட்டு நிழல் கொடுத்தார்கள். புதிதாகக் குடிவந்தவர் பிள்ளையாருக்கு நூற்றெட்டுத் தேங்காய் வேண்டிக்கொண்டார். ஜமீலா நோன்பு வைத்தாள். இலைகள் நுனியிலிருந்து வெளுத்து, வைக்கோல் நிறமாகி, காற்றடித்தால் சரசரவென்று சத்தம் போட ஆரம்பித்தன.

முதலில் போனது ஜெகந்நாதனுக்கு. ஒரு காலையில் ஐந்தரைக்கு எழுந்து கையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார், ஆறு ஆயிற்று, ஆறரை ஆயிற்று, விரல்கள் பூப்போல இருந்தன. கையை விரித்து விரித்து மூடிப் பார்த்தார். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு எட்டாம் நம்பர் வீட்டு வாசலில் வந்து நின்று, எதையோ உடைத்துவிட்ட பிள்ளை மாதிரி, "இன்னிக்கி எனக்கு வரலீங்க சர்வேயரய்யா" என்றார். அடுத்த நாள் நாலு பேர் வந்து சொன்னார்கள். அதற்கடுத்த நாள் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு யாரும் வரவில்லை, வரவில்லை என்பதிலிருந்தே தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. கல்யாணி நகரில் ஒவ்வொரு வீடாகச் சொஸ்தமானது. அத்தனை பேரும் நல்ல கையை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் தலையைக் குனிந்துகொண்டு நடந்தார்கள். திருப்பூர்ப் பெண் காய்ந்த தொட்டியைப் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு திரும்பி வந்தாள், அதற்கு உயிர் இருக்குமோ என்று ஒரு நப்பாசைதான்.

மயிலாத்தாள் முதலில் அம்மியை விட்டாள், பிறகு கோலத்தை, பிறகு ஊக்கை. செம்பு அவள் கையிலிருந்து நழுவி விழுந்த சத்தம் கேட்டபோது ஜமீலா தையல் மெஷினை நிறுத்தினாள்.

சித்திரை இரண்டாம் வாரம் கடைசித் தண்டும் காய்ந்தது. மறுநாள் ஐந்தரை மணிக்கு முப்பத்தேழு வீட்டாரும் பழக்கத்தில் விழித்துக்கொண்டார்கள். யாருக்கும் எதுவும் வரவில்லை. எட்டாம் நம்பர் வீட்டிலிருந்து அவள் குரல் வந்தது, அதைக் கேட்டதும் ஒருவர் பின் ஒருவராக எழுந்து நடந்து, கேட்டைத் திறந்துகொண்டு, வீட்டு வாசலிலும் கூடத்திலுமாக வந்து நின்றார்கள். மயிலாத்தாள் கட்டிலில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள், முகமெல்லாம் வேர்த்திருந்தது. மூன்று வருஷம் ஊர் முழுக்கச் சுற்றிவிட்டு வலி தன் வீடு வந்து சேர்ந்திருந்தது.

நாச்சிமுத்து எண்ணெயைச் சூடு பண்ணிக்கொண்டு வந்தார். இத்தனை துக்கத்திலும் அவருடைய கைகளுக்கு வேலை திரும்ப வந்திருந்தது, அதை மறைக்க அவருக்குத் தெரியவில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, எண்ணெயை உள்ளங்கையில் தேய்த்துக்கொண்டு, அவளுடைய வலது கையை எடுத்து மோதிர விரலின் கணுவில் கட்டை விரலை வைத்து அழுத்தினார்.

கூடத்தில் நின்ற அத்தனை பேரும் ஒரே சமயத்தில் தங்கள் வலது கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்கள்.

"அண்ணா, அமுக்காதீங்க" என்றாள் ஜமீலா.

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"அமுக்குனா உசுரே போயிருமுண்ணா. ஒரு நாளு எங்க வீட்டுக்காரரு ஆசையாத்தான் அமுக்கிவிட்டாரு, நான் போட்ட சத்தத்துல புள்ளைக எந்திரிச்சிருச்சு. அதைத் தொடவே கூடாதுண்ணா. சும்மா மடியில போட்டு வெச்சுக்கோணும், அதாப் போயிரும்."

அவர் எஸ்தர் டீச்சரைப் பார்த்தார். டீச்சர் கண்களைத் தாழ்த்திக்கொண்டு தலையாட்டினார். ஜெகந்நாதனைப் பார்த்தார். ஜெகந்நாதன், "ஆமாங்க, தொட்டா கொல்லுமுங்க" என்றார். கல்யாணி நகரில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

நாச்சிமுத்து மெதுவாகக் கட்டை விரலை எடுத்தார். "நெசமா மயிலா?"

மயிலாத்தாள் கையைத் தன் மடிக்கு இழுத்துக்கொண்டாள்.

"மூங்கிலு வர்றதுக்கு முன்னாடி, அந்த ஆறு வருசமும்?"

"அதையும் வேண்டாம்னுட்டா" என்றாள் மயிலாத்தாள், "நீங்க என்னுங்க பண்ணுவீங்க?"

பிறகு வலி அடுத்த விரலுக்கு இறங்கியது, அவள் கண்ணை மூடிக்கொண்டாள். நாச்சிமுத்து பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். எண்ணெய் தோய்ந்த இரண்டு கைகளையும் எங்கே வைப்பதென்று அவருக்குத் தெரியவில்லை.